இரு துறைக்கு நடுவே வேலைக்குப் போகும் மகனுக்கு

கவினுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்பது நேற்று மதியம் குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்ட நாசி லெமாக் படத்திலேயே தெரிந்தது. முட்டை இரண்டு இருந்தது, ஆகவே பசிக்கும் குறையில்லை. இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைவிடப் பரவாயில்லை. எனக்குப் பணி ஓய்வு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவருகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கழுத்தில் ஆபீஸ் பாஸ் தொங்குகிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. தேக்கா மார்க்கெட்டுக்குப் போகும்போதும் தடவிக்கொள்கிறேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏன், பாஸ் இல்லன்னா மீன்காரர் உள்ள விடமாட்டாரா?" என்று கேட்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். எடுத்த எடுப்பில், "அம்மா, ஆஃபர் வந்துருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். சைன் பண்ணவா, வேணாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாய். படிக்கிற மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையும் பூச்சியியல் துறையும் சேர்ந்து ஓர் இளம் விஞ்ஞானியை மூன்று வருடத்துக்கு எடுக்கின்றன. கொசுவின் சிறகுச் சத்தத்தைக் கேட்டு அது எந்த வகைக் கொசு என்று சொல்லும் கருவி செய்ய வேண்டும். நீ முனைவர் பட்டத்துக்குச் செய்த அதே வேலைதான், இன்னும் பெரிதாக. இன்னொரு பக்கம், இங்கேயே ஒரு நிறுவனத்தில் நிரந்தர வேலை காத்திருக்கிறது. அதில் கொசுவும் இல்லை, சத்தமும் இல்லை, நாள் முழுக்கக் கணினியும் எண்களும்தான். அடுத்த வருடம் உனக்கும் ஷாலினிக்கும் கல்யாணம். ஒரு பக்கம் தப்பாகப் போனால் மூன்று வருடம் கழித்துப் புதுமனைவியோடு ஒரு குளிர் ஊரில் வேலையில்லாமல் நிற்பாய். மறு பக்கம் தப்பாகப் போனால் இங்கேயே ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, விட்டுவிட்டதை நினைத்துக் காலமெல்லாம் பொருமுவாய். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமாம்.

அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். திங்கட்கிழமை ஆரம்பித்தேன், வியாழக்கிழமை ஆகிவிட்டது. முடித்ததும் உனக்கும் ஒரு தமிழ் இதழுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்டேன். "போடுங்க லா, ஆனா என் பேரு வேணாம்" என்றாய். கவின் என்ற பேரை நீயே பொறுக்கியெடுத்தாய். உனக்கு முன்பிருந்தே உன் பேர் பிடிக்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதும் இந்த மாதிரிக் கடிதங்களை நானும் படித்திருக்கிறேன். நடுவில் ஓர் இடத்தில் பெற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பார். நான் கேட்கப்போவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் போன வருடத்துக் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கொசுப் பாட்டில் கதையைச் சொல்ல வேண்டும்.

நீ ஜூனியர் காலேஜில் சேர்ந்தபோது, இயற்பியல், உயிரியல் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றார்கள். அப்பா கப்பல் பட்டறையில் என்ஜினியர், அதனால் "பிசிக்ஸ்" என்றார். எனக்கு ஊரில் எல்லா அம்மாக்களுக்கும் இருந்த டாக்டர் ஆசை, அதனால் "பயாலஜி" என்றேன். நீ ரெண்டும் வேண்டும் என்று அடம் பிடித்தாய். கடைசியில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தாய், உயிரியலைச் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் வைத்துக்கொண்டாய். ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டில், பாதி தண்ணீர், அதில் கொசுப்புழுக்கள், வாயில் இறுகக் கட்டிய வலை, வலைக்கு மேல் பழைய ஹெட்போனிலிருந்து பிய்த்த மைக். இதை வேறு ஊர்க்காரர்கள் படித்தால் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் வீட்டுக்குள் கொசு வளர்ப்பது என்றால் என்னவென்று நம்மவர்களுக்குத் தெரியும்.

டெங்கி அதிகமாக இருந்த மாதம் அது. வீடு வீடாகச் சோதனைக்கு வந்த இரண்டு பேரில் ஒரு பெண் நம் தமிழ்ப் பெண். கையில் டார்ச்சோடு வாசலில் நின்று, "ஆன்ட்டி, வீட்டுல எங்கயாச்சும் தண்ணி தேங்கி நிக்குதா?" என்று சிரித்த முகமாகக் கேட்டாள். "நிக்குதும்மா. பின்னாடி ஒரு பாட்டில்ல. அதுல கொசுவும் இருக்கு. என் மகன் வளர்க்கிறான்" என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "வளர்க்கிறாரா?" என்றாள். அவளுக்குப் பயிற்சியில் அந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்று சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். அபராதம் வந்தது. பாட்டில் போனது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு, "கேட்டா இல்லன்னு சொல்லிட்டுப் போறதுதானே? வலை கட்டித்தானே வச்சிருந்தான்!" என்றார். நீ என் முகத்தைப் பார்க்காமல், "எனக்காக ஒரு பொய் கூடச் சொல்லமாட்டீங்களா அம்மா?" என்று கேட்டாய். மாட்டேன் என்றேன். இன்று கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் அந்த மைக்கை நான் குப்பையில் போடவிடவில்லை என்பதையும் நீ சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது போன வருடம். நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் தேர்வுக் குழுக்களுக்கு நான்தான் செயலாளர். பேராசிரியர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். செயலாளருக்கு அங்கே வாக்கு கிடையாது, கருத்து கிடையாது, பிஸ்கட் தட்டும் கடைசியில்தான் வரும். இரண்டு துறைக்குப் பொதுவான வேலை ஒன்றுக்கு விளம்பரம் வந்தபோது நீ விண்ணப்பித்தாய். உன் பேரைப் பார்த்த அன்றே இவன் என் மகன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தக் குழுவிலிருந்து விலகினேன். என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நீ நேர்காணலுக்கு வந்த நாள் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

கிடைக்காதது உனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நேர்காணலுக்கு முந்தைய வாரம், "இந்த மாதிரி இன்டர்வியூல என்ன கேப்பாங்க, எதுல கவுத்துருவாங்க, பொதுவா சொல்லுங்கம்மா" என்று நீ கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லையே, அதுதான் வலித்தது. பிறகு ஒருநாள் அப்பா முன்னாலேயே கேட்டாய்: "அத்தனை வருஷம் உள்ள உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?" எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அன்று உன்னோடு நேர்காணலுக்கு வந்திருந்த மற்ற பிள்ளைகளுக்குக் குறைந்திருக்கும். அவர்களுடைய அம்மாக்கள் மதுரையிலும் மணிலாவிலும் இருந்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் எனக்குத் தெரிந்தது சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துகொண்டது, அது வீட்டுச் சொத்து அல்ல. இப்படித்தான் நினைத்தேன், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தத் தீபாவளிக்கு நீ வந்தாய், சாப்பிட்டாய், அப்பாவோடு பேசினாய், என்னிடம் உப்பு எங்கே என்று கேட்டாய். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சரியானதைச் செய்தால் கஷ்டம் இருக்காது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எந்தக் குழுவிலும் நான் இல்லை. இரகசியமான ஒன்றையும் சொல்லப்போவதில்லை. எந்த ஒரு கூட்டத்தைப் பற்றியும் இது அல்ல, நீ வந்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பல வருடங்கள் மூலையில் உட்கார்ந்து எழுதினால் மனசில் ஒரு வண்டல் தங்குமே, அது மட்டும்தான். ஆட்களையும் துறைகளையும் மாற்றிச் சொல்கிறேன். உனக்கு ஒருத்தனுக்குச் சொல்வதற்குப் பதில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்கிறேன், என் மனசாட்சிக்கு இதில் இடறல் இல்லை.

இரு துறை வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டம் எப்போதும் கலகலப்பாக ஆரம்பிக்கும். இரண்டு பக்கத்து ஆட்களும் இது எதிர்காலம், இதுதான் வழி என்று பேசிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பாதிக்கு மட்டும் மதிப்பெண் போடுவார்கள், மற்ற பாதியை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற மரியாதையில். இயற்பியல்காரர், "உயிரியல் பக்கத்துப் பையனுக்கு இவ்வளவு கணக்கு வருவது பெரிய விஷயம்" என்பார். உயிரியல்காரர், "இயற்பியல் பக்கத்துப் பையனுக்கு இவ்வளவு பூச்சி தெரிவது பெரிய விஷயம்" என்பார். நான் இரண்டையும் பாராட்டு என்றுதான் எழுதிக்கொள்வேன். ஆனால் பார், இரண்டு பேர் வாயிலும் அவன் அடுத்த வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான். அடுத்த வீட்டுப் பிள்ளையை எல்லோரும் மெச்சுவார்கள், சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்க மாட்டார்கள். நன்றாகப் பேசிய எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் எல்லோருடைய பாராட்டோடும் வெளியே போனார்கள்.

இதில் பிள்ளைகளின் பங்கும் உண்டு. நிறையப் பேர் இயற்பியல்காரர் கேட்டால் பூச்சியைப் பற்றிப் பேசுவார்கள், பூச்சிக்காரர் கேட்டால் சமன்பாடுகளை எடுத்துவிடுவார்கள். எதிரில் இருப்பவருக்குத் தெரியாததைச் சொன்னால் அசந்துபோவார் என்று நினைப்பு. அவர் அசருவதில்லை, சரியா தப்பா என்று தெரியாததால் நடுவாந்திரமாக ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்கு நினைவிருக்கும் ஒரு பெண் மட்டும் இயற்பியல்காரரிடம் இயற்பியலே பேசினாள். ஆனால் பூச்சிகளோடு மல்லுக்கட்டாமல் இருந்திருந்தால் தனக்கு அகப்பட்டிருக்காத இயற்பியல் அது என்று காட்டினாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவர் ஊரில் போய் அவர் பாஷையில் அவருக்குப் புதுச் செய்தி சொல்வது அது.

நீ இந்த விஷயத்தில் எப்படி என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் சம்பந்தி வீட்டோடு சிராங்கூன் ரோட்டில் சாப்பிடப் போனபோது பக்கத்தில்தான் இருந்தேன். இலையில் சாம்பார் விழுந்ததும் ஷாலினியின் அப்பா, "மாப்பிள்ளை பிசிக்ஸா, பயாலஜியா?" என்று கேட்டார். "ரெண்டும் அங்கிள்" என்றாய். அவர் முகம் மலர்ந்து, "டபுள் டிகிரி!" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா உடனே அதை அடுத்த மேசையில் இருந்த தன் அக்காவுக்குச் சொல்லிவிட்டார். அத்தோடு விட்டிருக்கலாம். நீயோ, "இல்ல அங்கிள், டபுள் டிகிரி இல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஸ்பேஸ்" என்று ஆரம்பித்தாய். நான் மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். நீ நிறுத்தவில்லை. ரசம் வந்து, மோர் வந்து, பாயசமும் வந்துவிட்டது. சம்பந்தி கடைசியில் பயந்த குரலில், "அப்ப வேலை நிரந்தரமா தம்பி?" என்று கேட்டார். "அதெல்லாம் இந்த ஃபீல்டுல யாருக்கும் தெரியாது அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஷாலினி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். உண்மையைத்தான் சொன்னாய். உண்மையைச் சொன்னதற்காக உன்னைத் திட்டும் யோக்கியதை இந்த வீட்டில் எனக்கு இல்லை.

வேலை கிடைத்த பிறகு வருவதுதான் பெரிய சங்கதி. சித்ரா என்று வைத்துக்கொள், புற்றுநோய்ப் படங்களைக் கணினியை வைத்துப் படிக்கும் பெண். இரண்டு துறைக்கும் பொதுவாக எடுத்தார்கள். இரண்டு கட்டடத்தில் இரண்டு மேசை கொடுத்தார்கள், இரண்டு கதவிலும் பேர் ஒட்டவில்லை. இரண்டு துறைக்கும் வாராந்தரக் கூட்டம் ஒரே நாள், ஒரே நேரம். இங்கே வராதபோது அங்கே இருக்கிறாள் என்று இவர்கள் நினைத்தார்கள், அங்கேயும் அதையே நினைத்தார்கள். நல்ல கட்டுரைகள் எழுதினாள். ஒப்பந்தம் முடியப்போகும் வருடத்தில் நீட்டிப்புக்கு யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. ஒரு தலைவர், "நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம், அந்தத் துறை முன்மொழியட்டும்" என்று எழுதினார். அந்தத் துறைத் தலைவரும் முழு மனதோடு ஆதரித்தார், இந்தத் துறை முன்மொழியட்டும் என்றார். நடுவில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சல்களை மாற்றி மாற்றி அனுப்பியது நான்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாருக்கும் அவள் மேல் கோபம் இல்லை. தேதி முடிந்தது, அவள் ஒரு வங்கியில் சேர்ந்துவிட்டாள். பிரியாவிடைக்கு இரண்டு துறையும் தனித்தனியாக கேக் வாங்கியிருந்தார்கள். ஒன்றை வெட்டவேயில்லை, எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அதே காலத்தில் இன்னொரு பையன். மதிப்பெண்ணில் அவன் முதல் ஆள்கூட இல்லை. கூட்டத்தில் வழக்கம்போல எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது, யாரோடும் ஒத்துப்போகாத ஒரு பேராசிரியர் மேசையைத் தட்டி, "இவன் எனக்கு வேண்டும். இவன் என் ஆள்" என்றார். அவனையே எடுத்தார்கள். அந்தப் பையன் பட்ட பாடு எனக்குத் தெரியும். தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்குவான், ஞாயிற்றுக்கிழமையும் வருவான். ஆனால் பணம் இறுகிய வருடத்தில் எல்லாத் துறைகளிலும் ஆள் குறைத்தபோது, அந்த மனிதர் அறை அறையாகப் போய்ச் சண்டை போட்டார். பையன் தங்கினான். இன்றைக்கு அவனுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள். இரு துறை வேலையில் இருப்பவனுக்கு இரண்டு பேருடைய அன்பைவிட ஒருவருடைய பிடிவாதம் அதிகம் உதவுகிறது. நான் எழுதிய அத்தனை பக்கங்களிலிருந்தும் எனக்குக் கிடைத்தது இதுதான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம், "அங்க உன் ஆளு யாரு?" என்று கேட்டேன். "ரெண்டு டிபார்ட்மென்ட் புரொஃபசருமே ரொம்ப சப்போர்ட்டிவ்மா" என்றாய். இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரு கேள்வி கேள் என்றேன்: மூன்றாவது வருடம் பணம் முடியும்போது என் பேர் யாருடைய துறைக் கூட்டத்தில் வரும், அதை யார் எடுத்துப் பேசுவார்கள்? நீ தயங்கினாய். "அப்படிலாம் புரொஃபசர்கிட்ட கேட்டா மரியாதையா இருக்காதுமா. இன்னும் ஜாயினே பண்ணல." உன்னைக் குறை சொல்ல மாட்டேன். வாத்தியார் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கும் வீட்டில் பிறந்து, ஆசிரியர் தினத்தன்று தவறாமல் அட்டை செய்துகொண்டு போகும் பள்ளியில் படித்தவன் நீ. நம் பிள்ளைகள் பாடத்தில் ஆயிரம் சந்தேகம் கேட்பார்கள், தங்கள் பிழைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்க நாக்கு எழாது. வேறு ஊர்ப் பிள்ளைகள் சேரும் முன்பே நாற்காலி எங்கே, சம்பளம் யார் தலையில் என்று கேட்டுவிட்டு வருவார்கள். நம்மவர்கள் நன்றி சொல்லிவிட்டு வருவார்கள். மரியாதையாகவே கேட்கலாம் என்றேன். ஷாலினியும் உன் பக்கத்திலிருந்து, "ஆன்ட்டி சொல்றது கரெக்ட்தான், நீ கேளு லா" என்று சொன்னது போனில் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கேட்டாய். புதன்கிழமை பதில் வந்தது. இயற்பியல் பேராசிரியர் நீளமாக, மனசு குளிர எழுதியிருந்தார். நீ வருவதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம், அங்கே எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி என்றெல்லாம் இருந்தது, உன் கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. பூச்சியியல் பேராசிரியர் அம்மா இரண்டே வரி எழுதியிருந்தார்: இதை நான் யோசிக்கவில்லை, கூப்பிடு, பேசுவோம். பேசினீர்கள். யோசித்துவிட்டு அவர் சொன்னதை நீ எனக்கு ஒப்பித்தாய். முழுதாகத் தன் துறைக்கு வருவதானால் உன்னைத் தன் ஆளாக வைத்துக்கொள்வார், மூன்றாவது வருடம் உனக்காக அவர் போய்ப் பேசுவார், எழுத்திலும் தருவார். ஆனால் பதவிப் பேரில் இயற்பியல் இருக்காது. பாடம் நடத்துவது பூச்சி மாணவர்களுக்கு. கோடையில் சேற்றில் இறங்கிக் கொசு பிடிக்கவும் வேண்டும். இயற்பியல் துறையில் விருந்தாளி மாதிரி ஒரு மேசை கிடைக்கும்.

நீ உடைந்துபோய்ப் பேசினாய். "அம்மா, நான் பூச்சி டிபார்ட்மென்ட் ஆளாயிருவேன். பிசிக்ஸ்ல யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இதுக்கா இவ்வளவு படிச்சேன்?" அப்பாவுக்கும் முகம் சுண்டிவிட்டது. அவர் உன் பேருக்குப் பின்னால் பிசிக்ஸ் என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று உனக்குத் தெரியும். சம்பந்தி வீட்டில் பூச்சி என்று சொன்னால் என்ன நினைப்பார்கள் என்பது வேறு. சம்பந்தி ஏற்கனவே டபுள் டிகிரியை இழந்தவர்.

இனி நான் நினைப்பதைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடு. பூச்சித் துறைக்கே போ. இரண்டு வீட்டுக்கும் பொதுப் பிள்ளையாகப் போகாதே, ஒரு வீட்டுப் பிள்ளையாகப் போய் அடுத்த வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடு. சத்தத்தை அளப்பதும் கணக்குப் போடுவதும் உன் தலைக்குள் இருக்கிறது, கதவில் எந்தப் பேரை ஒட்டினாலும் அது எங்கும் போய்விடாது. அந்த அம்மா முதலில் யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார் பார், அதை நான் ரொம்ப மதிக்கிறேன். யோசிக்காததை யோசிக்கவில்லை என்று சொல்லும் பேராசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஷாலினியிடம் மூன்று வருடம்தான், பிறகு பார்ப்போம் என்று மழுப்பாதே. மூன்றாவது வருடம் என்ன ஆகலாம், யார் பேசுவார், அதுவும் நடக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று உட்காரவைத்துச் சொல். அவள் உன்னைவிடத் தெளிவான பெண், அவளுக்குப் பொய் நம்பிக்கை வேண்டாம்.

நான் சொல்வது தப்பாகவும் போகலாம். அந்த அம்மா அடுத்த வருடமே வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம், எழுத்தில் தந்தது எழுத்திலேயே நின்றுவிடலாம். அப்படி நடந்ததையும் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது நீ புக்கிட் மேராவில் இருக்கிறாய், நினைத்தால் சாயங்காலம் வந்துவிடலாம். அந்த நிறுவன வேலையில் சேர்ந்தால் வீடும் இங்கே, பேரப்பிள்ளையும் இங்கே என்று ஒரு பக்கம் ஆசை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் போ என்கிறேன், ஆகவே அந்த வார்த்தைக்குக் கொஞ்சம் எடை கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். உள்ளே உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான், மிச்சம் எதையும் பிடித்துவைக்கவில்லை. மதுரைப் பிள்ளையும் படிக்கட்டும், மணிலாப் பிள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்லட்டும்.

போன வருடத்துக்குப் பிறகு நீ என்னைக் கூப்பிட்டதெல்லாம் ஏதாவது காரணத்தோடுதான். அப்பாவின் மருந்து, கல்யாண மண்டபம், காத்தோங் கோயிலில் தேதி கிடைத்ததா, இப்போது இந்த ஆஃபர். அதற்கு முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கூப்பிடுவாய். "என்னம்மா பண்றீங்க?" என்பாய். "ஒண்ணுமில்ல" என்பேன். "சரி, லிஃப்ட் வந்துருச்சு" என்று வைத்துவிடுவாய். அவ்வளவுதான் பேச்சு. நீ நிறுத்திய பிறகுதான் அந்த நேரத்துக்கு நான் தினமும் போனைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது, இன்னும் வைத்துக்கொள்கிறேன். வேலையைப் பற்றி என்னிடம் கேட்க இனி உனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் இதில் எழுதிவிட்டேன். அந்த ஊரிலும் லிஃப்ட் இருக்கும். கூப்பிடு.

உன் அம்மா